பேர் விழாத வேலை

ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் அன்றைக்கு உழைத்தாரா இல்லையா என்பதற்குச் செக்ரோல் என்ற வரவுப் பதிவேடுதான் சாட்சி. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, சொன்ன கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் வெறுங்கட்டம். பாரிசவாதத்தில் விழுந்த மாமியாரை இராத்திரி நாலு தடவை புரட்டிப் படுக்கவைத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, நடக்கமுடியாத மகனைக் குளிப்பாட்டி ஊட்டி முடிக்கிறபோது ஏழரை ஆகிவிட்டதென்றால், அந்தப் பெண் அன்றைக்கு வேலைக்கு வராதவள். ஏன் வரவில்லை என்று எழுதச் செக்ரோலில் இடம் கிடையாது.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500. மீதியில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்கு வந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். வீட்டில் படுக்கையில் ஒருவரை வைத்திருப்பவர் வராத நாளின் சம்பளத்தை இழந்ததோடு, வந்த நாட்களின் 60 ரூபாவையும் சேர்த்து இழந்தார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, அரசாங்கம் தன் பங்குக்கு 200 ரூபா கொடுக்கும் என்று அறிவித்தபோது, அந்த 200க்கு வைத்த பெயரும் வரவு ஊக்கக் கொடுப்பனவுதான். வருகிறவருக்கு ஊக்கம் கொடுப்பதில் தப்பில்லை. வரமுடியாதவர் ஏன் வரவில்லை என்று ஒன்றரை நூற்றாண்டாக யாரும் கேட்கவில்லை என்பதுதான் நமது குறை.

பிள்ளைக்காம்பராவின் கதை

தோட்டத்தில் பராமரிப்பவர்களுக்கென்று ஓர் ஏற்பாடும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒன்று இருக்கிறது. அதுதான் பிள்ளைக்காம்பரா.

இலங்கையின் வேறு எந்த உழைக்கும் வர்க்கத்துக்கும் இப்படியொரு வசதி இவ்வளவு காலமாக இருந்ததில்லை. கொழும்பில் வங்கியில் வேலை பார்க்கும் தாய் இன்றைக்கும் பிள்ளையை எங்கே விடுவது என்று தவிக்கிறாள். தோட்டத்துத் தாய்க்கு அந்தத் தவிப்பு இல்லை. காலையில் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பால் கொடுக்க இடையில் வருவாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவாள். வெள்ளைக்காரத் துரைகள் இதை ஆரம்பித்தது தாயின் களைப்பைப் பார்த்து அல்ல. கொழுந்து பறிக்கும் கை வீட்டில் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக. நோக்கம் எதுவானாலும் பிள்ளைக்குப் பாலும், தாய்க்குப் பேரும் கிடைத்தது உண்மை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது, தொழிலாளர்களின் வீடு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள இலாப நோக்கற்ற ஒரு அமைப்பு உருவாக்கப்பட்டது. 2002 முதல் அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ‘ட்ரஸ்ட்’ என்றால் போதும். அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் அதில் உட்கார்ந்திருக்கின்றன. சம்பளத்துக்காக வருடக்கணக்கில் முட்டிக்கொள்கிறவர்கள் பிள்ளைக்காம்பரா விஷயத்தில் ஒரே மேசையில் இருப்பது நம் நாட்டில் அபூர்வமான காட்சி. பழைய பிள்ளைக்காம்பரா இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம். ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஹட்டனைத் தளமாகக் கொண்ட பிரிடோ போன்ற அரச சார்பற்ற நிறுவனங்களும் முன்பள்ளி, சிறுவர் கழகம் என்று இதே திசையில் பல காலமாக உழைத்து வருகின்றன.

ஆனால் பிள்ளைக்காம்பராவின் கதவு ஐந்து வயதோடு சாத்தப்பட்டுவிடும். ஆறு வயதிலும் கழுத்து நிற்காத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. நாற்பது வருடம் கொழுந்தெடுத்து, கண்பார்வை மங்கி, யார் வீட்டுக்கு வந்தோம் என்று தெரியாமல் அடுத்த லயத்துக் கதவைத் தட்டும் அப்பாயிக்கும் இடமில்லை. இவர்களைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பாடு. குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வேலை போய்ச் சேருவது ஒரு பெண்ணிடம். சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலையின் 76.2 வீதத்தைப் பெண்களே செய்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அந்தக் கணக்கு இன்னும் பெண் பக்கமே சாய்ந்திருக்கும் என்று சொல்லப் புள்ளிவிபரம் தேவையில்லை.

2022

அந்த வருடத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. காலிமுகத்திடல் போராட்டம், ஓடிப்போன ஜனாதிபதி, எரிபொருள் வரிசை. லயத்துக்குள் அந்த நெருக்கடி எப்படி நுழைந்தது என்பது குறைவாகவே எழுதப்பட்டது.

தோட்டத்தில் அது முந்தைய வருடமே தொடங்கிவிட்டது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை தேயிலைச் செடியின் தெம்பைக் குறைத்தது. தடையை நவம்பரில் நீக்கினாலும் செடி உடனே எழுந்துவிடாது. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். அதே வருடம் மார்ச்சில்தான் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. பல வருடப் போராட்டத்தின் பலன் அது. கையில் வந்து நிற்பதற்குள் அதன் மதிப்பு கரைந்தது.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். ஓகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. நாட்சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு ஒரு லீட்டர் மண்ணெண்ணெய். அந்த செப்டெம்பரில் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து கொடுத்த அறிக்கை, நாட்டில் 63 இலட்சம் பேர் சாப்பாட்டுக்கு உத்தரவாதமில்லாமல் இருப்பதாகச் சொன்னது. அடுத்த வருடம் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாடு முழுவதும் வறுமையில் இருந்தவர்கள் 31 வீதம். தோட்டப்புறத்தில் 51 வீதம்.

இந்த எண்கள் எல்லோருக்கும் பொது. படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டில் அவை வேறு கணக்காக இறங்கின. பெற்றோல் தட்டுப்பாட்டால் ஜூலையில் கியூஆர் பங்கீடு வந்தபோது ஒரு முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு ஐந்து லீட்டர். மேல் டிவிசனிலிருந்து குண்டும் குழியுமான றோட்டில் இறங்கி, டிக்கோயாவில் உள்ள கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போய்த் திரும்ப அந்த ஐந்து லீட்டரில் எத்தனை முறை முடியும்? 150 கட்டில்களோடு இந்தியா கட்டிக்கொடுத்த அந்தப் பெரிய கட்டடத்தை 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இருக்கிறது. அதுவும் இந்திய உதவியில் தொடங்கியது, நல்ல சேவை. ஆனால் மாதாந்தக் கிளினிக்குக்கு அம்பியூலன்ஸ் வராது. நடக்கமுடிந்த நோயாளி பஸ்ஸில் போவார். நடக்கமுடியாதவருக்குக் கிளினிக் கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும். போனால் ஒரு பேர் போச்சு. போய் நின்றபிறகு மருந்து கையிருப்பில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்றால் இன்னொரு நாளின் பேரும் போச்சு.

பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. அப்போது வீட்டிலிருந்த மூத்த பெண்பிள்ளைகள் பலருக்குப் புத்தகத்துக்குப் பதில் பாட்டியின் பாய் வந்து சேர்ந்தது. பராமரிப்பவர் என்றால் நடுத்தர வயதுப் பெண் என்று நினைக்கிறோம். பதினான்கு வயதுப் பராமரிப்பாளர்களை லயத்தில் எங்கும் பார்க்கலாம். பள்ளிக்கூட இடாப்பில் அவர்கள் இடைவிலகியவர்கள்.

இன்னொரு திருப்பமும் அந்த வருடத்தில்தான். சிறு பிள்ளைகள் உள்ள பெண்கள் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுக்க 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதி இருந்தது. டொலர் இல்லாமல் நாடு தத்தளித்தபோது, 2022 ஜூனில் அமைச்சரவை அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. வேலைக்காக வெளிநாடு போனவர்களின் எண்ணிக்கை அந்த வருடம் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. தாயைப் பிள்ளையோடு கட்டிப்போட்ட விதி நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். தகப்பனுக்கு அப்படியொரு விதி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் விதியைத் தளர்த்தியவர்கள், அந்தப் பிள்ளையை இனி யார் பார்ப்பது என்ற கேள்வியை அம்மாயியின் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஐம்பது வயதில் சேமலாபநிதியை எடுத்துக்கொண்டு, இனிமேலாவது உட்காரலாம் என்று நினைத்த பெண் மறுபடி பால்போத்தல் கழுவத் தொடங்கினாள். அந்த வருடம் பாலுக்கும் தட்டுப்பாடு, திரிபோஷ சத்துமாவுக்கும் தட்டுப்பாடு.

பொதியும் பொழுதும்

உதவி வரவில்லை என்று சொன்னால் நன்றி மறந்ததாகும். தமிழ்நாட்டு அரசு அனுப்பிய முதல் கப்பல் 2022 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து. மொத்தம் 40,000 தொன் அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அரிசி மலையகத்துக்கும் வந்தது. தொண்டு நிறுவனங்களும், கோவில்களும், தேவாலயங்களும், புலம்பெயர்ந்தவர்களும் உலருணவுப் பொதிகள் கொடுத்தார்கள். அடுப்பு எரியாத வீட்டில் அரிசிதான் முதல் மருந்து. அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் பொதி வீட்டுக்கு ஒன்று. அதிலுள்ள மாவும் பருப்பும் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. மூன்று வருடமாகப் படுக்கையில் கிடப்பவருக்குத் துணியும் சவர்க்காரமும் எவ்வளவு செலவாகும் என்று பொதி கட்டியவருக்குத் தெரிய நியாயமில்லை. யாரும் கேட்டு எழுதியிருக்கவில்லை. பொதியை வாங்க மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நோயாளியை விட்டுவிட்டு வரமுடியாதவருக்கு அந்த வரிசையும் ஒரு பாரம். பதாகை பிடித்துப் பொதி கொடுப்பதைப் படம் எடுத்துக் கொடையாளிக்கு அனுப்பலாம். ஒரு பெண் மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினாள் என்பதை எப்படிப் படம் எடுப்பது? தொண்டு நிறுவனங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணக்குக் காட்டமுடிகிற உதவிக்கே காசு கிடைக்கிறது என்பது அவர்களுக்கும் உள்ள நெருக்கடி.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அந்த வருடத்தில் குடும்பப் பராமரிப்பாளருக்கு உண்மையில் தோள்கொடுத்தது திறந்திருந்த பிள்ளைக்காம்பராதான் என்பது என் எண்ணம். அது திறந்திருந்த நாளில் தாய் மலைக்குப் போய் 1,000 ரூபா பேருக்கு உழைக்கமுடிந்தது. வீட்டுக்கு வந்த ஒரு பொதியின் ஆயுள் ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை. பொழுதைக் கொடுத்த உதவி மாதம் முழுக்க வேலை செய்தது.

ஆய்க்குடியில் ஒரு பாடம்

பொழுதையும் தெம்பையும் கொடுக்கும் உதவியை ஒரு தொண்டு நிறுவனத்தால் கஷ்டகாலத்தில் நடத்திக் காட்டமுடியுமா? தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில், ஆய்க்குடியில் நடந்திருக்கிறது. மலையகத்தாரில் பலருடைய பூட்டன்மார் கப்பலேறிய சீமைதான் அது.

அமர் சேவா சங்கம் 1981இல் தொடங்கியது. தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். பிற்காலத்தில் அவரோடு சேர்ந்து நிறுவனத்தை வளர்த்த எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். மற்றவர் கையால் சாப்பிடுவது என்றால் என்னவென்று அனுபவித்தவர்கள் உருவாக்கிய இடம் என்பதாலோ என்னவோ, ஊட்டுகிற கையையும் அவர்கள் கவனித்தார்கள். வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்கு அவர்கள் நடத்தும் திட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஊரிலேயே பயிற்சி கொடுத்து அமர்த்தப்பட்ட பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள். கையில் இருக்கும் செயலியில் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். தூரத்திலிருக்கும் சிகிச்சையாளர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து வீட்டு வாசலை மிதிக்கமுடியாமல் போனபோது, அதே வேலை தொலைபேசிக்கும் வீடியோ அழைப்புக்கும் மாறியது. தாய்மார் திரையைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

எனக்கு அதில் பிடித்தது செயலி இல்லை. அது யாரிடமும் இருக்கும். அவர்களுடைய மதிப்பீட்டில் பிள்ளையின் முன்னேற்றத்தோடு தாயின் மனஅழுத்தத்தையும் கேட்டு அளக்கிறார்கள். தூக்கம் எப்படி, முதுகுவலி எப்படி, பொழுது கிடைக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள் ஒரு படிவத்தில் இடம்பிடித்ததும் அதற்குப் பதில் சொல்லவேண்டிய கடமையும் நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது.

இதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட இன்னொரு அமைப்பு கேரர்ஸ் வேர்ல்ட்வைட். அனில் பாட்டீல் 2012இல் இங்கிலாந்தில் தொடங்கியது. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் உள்ளூர் நிறுவனங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. பராமரிப்பவர்களையே பத்துப் பதினைந்து பேராகக் குழுவாக்கி, சேமிப்பு, கைத்தொழில், வைத்தியம் என்று போகிறார்கள். கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்க, ஊரிலேயே பகல்நேரப் பராமரிப்பு நிலையம் அமைக்கிறார்கள். லயத்துச் சீட்டுக் கூட்டங்களையும் மரண உதவிச் சங்கங்களையும் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. சாவுக்குச் சங்கம் வைத்திருக்கிறோம். சாவதற்கு முந்திய பத்து வருடத்துக்கு ஒரு சங்கம் வைக்கத் தோன்றவில்லை.

கேரளத்தில் அரசாங்கமே ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 இந்திய ரூபாய் ஒதுக்கியது. சிறிய தொகை. ஆனால் நோயாளிக்கு என்று இல்லாமல் பார்த்துக்கொள்பவருக்கு என்று எழுதிக் கொடுத்தது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டம் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 7,500 ரூபாவும் எழுபது தாண்டிய முதியவருக்கு 3,000 ரூபாவும் என்று 2024இல் உயர்த்தியது. பார்த்துக்கொள்பவர் சட்டத்தில் கடமையாளர். கொடுப்பனவுப் பட்டியலில் ஆளே இல்லை.

காலியாகும் காம்பரா

ஹட்டனில் என்ன செய்யலாம்? புதிய கட்டடம் கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. கட்டடம் இருக்கிறது. நாட்டில் பிறப்பு வேகமாகக் குறைந்து வருகிறது. 2020இல் மூன்று இலட்சத்துக்கு மேல் பிறந்த இடத்தில் 2023இல் இரண்டரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. இளம் குடும்பங்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. பிள்ளைக்காம்பராவில் பாய்கள் குறையும். லயத்தில் முதியவர் கூடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பகலில் தனியே விடமுடியாத முதியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மறுபக்கம் என்று ஒரே கூரையை இரண்டாகப் பிரிக்கலாம். சமையல் ஏற்கனவே நடக்கிறது. தேவைப்படுவது இன்னும் ஓர் ஆள். 1,550 ரூபாவை 25 நாளால் பெருக்கினால் 38,750 ரூபா. பத்துக் குடும்பத்துக்குப் பொழுது கிடைக்குமென்றால் குடும்பத்துக்கு நாலாயிரத்துக்கும் குறைவு. அந்தப் பத்துப் பெண்களில் பாதிப்பேர் மலைக்குத் திரும்பினாலும், ஆளில்லை ஆளில்லை என்று கம்பனிகள் புலம்புவது கொஞ்சம் குறையும்.

எழுந்து உட்காரவே முடியாதவர்களுக்கு இது உதவாது. மேட்டிலும் படிக்கட்டிலும் அவர்களைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. சக்கர நாற்காலி கொடுத்தாலும் ஓட்டப் பாதை இல்லை. அவர்கள் வீட்டுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஆள் போகவேண்டும், ஆய்க்குடியில் போவதுபோல. உயர்தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் எல்லா டிவிசனிலும் இருக்கிறார்கள். பயிற்சியும் சம்பளமும் கொடுத்தால் அந்த வேலைக்கு ஆள் கிடைக்கும். சம்பளமில்லாத் தொண்டர் என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. சம்பளமில்லாத பெண்களுக்கு உதவ இன்னொரு சம்பளமில்லாத பெண்ணை அனுப்புவதில் என்ன நியாயம்?

இரண்டு சிக்கல்கள் எழும். காம்பராவின் சுவர் கம்பனியுடையது. யாரை உள்ளே விடலாம் என்பதற்கு அவர்களின் கையெழுத்து வேண்டும். அதற்கு ட்ரஸ்ட்டின் அந்த மூன்று தரப்பு மேசையே போதும். அடுத்தது, செக்ரோலில் பேர் உள்ள குடும்பத்துக்குத்தான் வசதி என்ற பழைய வழக்கம். இன்றைக்கு லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. மகன் கொழும்பில் கடையில், மருமகள் ஹட்டன் டவுனில், பேத்தி கட்டாரில். பராமரிக்கப்படவேண்டிய கிழவி மட்டும் லயத்தில். அவள் பேர் செக்ரோலிலிருந்து எடுக்கப்பட்டு இருபது வருடமாகிறது. கதவில் நிற்கிறவர் செக்ரோலைப் பார்த்து ஆள் சேர்த்தால் முதலில் திருப்பி அனுப்பப்படுவது அவள்தான். ட்ரஸ்ட் கூடும் அடுத்த கூட்டத்தில் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டிய முதல் வரி, லயத்தில் குடியிருந்தால் போதும் என்பது.